எவ்வளவு போதும் என்று கேட்டவர்: அக்கில்லே காஸ்தில்யோனி வழியாகத் தொழில்துறை வடிவமைப்பு

வடிவமைப்பாளர் என்றதும் பலருக்கு மனதில் வருகிற ஆள் இப்படித்தான் இருப்பார்: இன்ஜினியர்கள் உள்ளே எல்லாவற்றையும் முடித்த பிறகு கடைசியில் வந்து, மேலே ஒரு அழகான கூடு போட்டு, கலர் தேர்ந்தெடுத்து, கையெழுத்தும் போட்டுவிட்டுப் போகிறவர். இது முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அப்படி வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், நன்றாகச் சம்பாதிக்கவும் செய்கிறார்கள். ஆனால் தொழில்துறை வடிவமைப்பு என்ற துறை உண்மையில் எதைப் பற்றியது என்று புரியவேண்டுமானால், அவர்களை விட்டுவிட்டு மிலான் நகரத்துக் கட்டடக் கலைஞர் ஒருவரின் வேலையைப் பார்ப்பதுதான் சுலபமான வழி. அவர் பெயர் அக்கில்லே காஸ்தில்யோனி. 1918-இல் பிறந்தார், 2002-இல் இறந்தார். விளக்கு, ஸ்டூல், மேசை, சாம்பல் கிண்ணம், காபி மெஷின், பீர் ஊற்றும் குழாய், கரண்டி, வயரில் மாட்டுகிற சுவிட்ச் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வடிவமைத்தார். இவற்றில் ஏழெட்டைப் பக்கத்தில் போய்ப் பார்த்தாலே அடிப்படைகள் பிடிபட்டுவிடும்.

முதலில் ஒரு சந்தேகம். கட்டடம் கட்டப் படித்தவருக்கு கரண்டியில் என்ன வேலை?

இத்தாலியில் அந்தக் காலத்தில் தொழில்துறை வடிவமைப்புக்கென்று தனிப் பட்டப்படிப்பு கிடையாது. படம் வரையத் தெரிந்த, பொருள் எப்படி நிற்கும் எப்படி விழும் என்று கணக்குப் போடத் தெரிந்த ஆட்கள் கட்டடக் கலைப் பிரிவிலிருந்துதான் வந்தார்கள். காஸ்தில்யோனி மிலான் பொலிடெக்னிக்கில் படித்து முடித்தது 1944-இல், போர் நடந்துகொண்டிருந்தபோது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான் மிலான் கடுமையான குண்டுவீச்சுக்கு ஆளாகியிருந்தது. போர் முடிந்ததும், மிலானைச் சுற்றியிருந்த தச்சுப் பட்டறைகளும் இரும்புப் பட்டறைகளும் மெல்ல மெல்லத் தொழிற்சாலைகளாக மாறின. முதலாளிகளில் சிலர் புதுசாக எதையாவது செய்து பார்ப்போமே என்று துணிந்தார்கள், அவர்களுக்கு வரைந்து கொடுக்க ஆள் தேவைப்பட்டது, கட்டடக் கலைஞர்களுக்கோ வேலை தேவைப்பட்டது. எர்னெஸ்தோ ரோஜர்ஸ் என்ற மிலான் கட்டடக் கலைஞர் பெயரில் ஒரு வாசகமே உண்டு: "கரண்டியிலிருந்து நகரம் வரை." இரண்டுக்கும் ஒரே மூளை போதும் என்ற நம்பிக்கை.

காஸ்தில்யோனி வீட்டில் இது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அப்பா ஜான்னினோ சிற்பி. அண்ணன்கள் லிவியோ, பியர் ஜாக்கோமோ இரண்டு பேரும் கட்டடக் கலைஞர்கள். தம்பி படித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே, லூயிஜி காச்சா தொமினியோனி என்ற நண்பரோடு சேர்ந்து அண்ணன்கள் ஃபோனோலா நிறுவனத்துக்கு ஒரு வானொலிப் பெட்டி செய்துவிட்டார்கள். 1940-இல் மிலான் திரியென்னாலே கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அதுவரை வானொலி என்றால் பெரும்பாலும் மரப்பெட்டி, கிட்டத்தட்ட ஒரு குட்டி அலமாரி. அதற்கு ஒரு காரணமும் கிடையாது, வீட்டு மரச்சாமான்களோடு ஒத்துப்போகட்டும் என்பதைத் தவிர. இவர்கள் அதை பேக்கலைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் வார்த்து, உள்ளே இருக்கும் கருவிக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அந்த அளவுக்கு ஒரு உடம்பு மட்டும் கொடுத்தார்கள். கருவி கருவி மாதிரியே இருக்கட்டும் என்ற எண்ணம். இன்றைக்கு இதில் வியக்க ஒன்றும் இல்லை என்று தோன்றும். இதையெல்லாம் பார்த்தே வளர்ந்துவிட்டோம், அதனால்தான்.

போருக்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். 1952-இல் லிவியோ தனியாகப் போனார். அப்புறம் 1968-இல் பியர் ஜாக்கோமோ இறக்கும் வரை, பெயர் பெற்ற பெரும்பாலான பொருள்களை இருவருமாகவே செய்தார்கள். எது அண்ணன் யோசனை, எது தம்பி யோசனை என்று பிரிக்க முடியாது. அக்கில்லே பின்னாளில் உலகப் புகழ் பெற்றதால் எல்லாம் அவர் கணக்கில் ஏறிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். காஸ்தில்யோனி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு "முதன்மைக் கூறு" தேடுவார். அதாவது இந்தப் பொருள் இருப்பதற்கான ஒரே ஒரு காரணம், மற்ற எல்லா முடிவுகளையும் தானாக எடுக்க வைக்கிற ஒரு கேள்வி. அது கிடைத்துவிட்டால், அதற்கு உதவாத எதையும் எடுத்துவிடலாம். கிடைக்காதவரை பென்சிலைத் தொட்டுப் பிரயோஜனமில்லை. இந்தத் துறையில் வேறெதைப் படிப்பதற்கு முன்பும் இது ஒன்று புரிந்தால் போதும் என்பேன்.

1950-களின் நடுவில் சகோதரர்கள் செய்த லூமினேட்டர் விளக்கில் இது பளிச்சென்று தெரியும். கேள்வி: ஆள் உயரத்தில் ஒரு பல்பு நின்று, வெளிச்சத்தைக் கூரையின் மேல் அடிக்க வேண்டும், கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அறை முழுக்கப் பரவ வேண்டும். இதற்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும்? வெளிச்சத்தைத் திருப்பிவிடும் கண்ணாடிப் பூச்சு பல்புக்குள்ளேயே இருந்தால் விளக்குக்குத் தனியாகக் குடை தேவையில்லை. பல்பு ஹோல்டர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு தடிமனில் ஒரு குழாய். அதற்கு மேல் தடிப்பாக இருக்க ஒரு காரணமும் இல்லை. கீழே விழாமல் நிற்க மூன்று மெல்லிய கால்கள். ஒரு வயர், அதில் ஒரு சுவிட்ச். அவ்வளவுதான், முடிந்தது. இந்த விளக்குக்கு 1955-இல் கொம்பாசோ தோரோ கிடைத்தது. இத்தாலியின் பெரிய வடிவமைப்பு விருது அது, அதற்கு முந்தைய ஆண்டுதான் மிலானின் லா ரினாஷெந்தே என்ற பெரிய கடை அதைத் தொடங்கியிருந்தது. அக்கில்லே பின்னால் இதைப் பலமுறை வாங்கினார்.

எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டே போவதுதான் வழி என்றால் எல்லாப் பொருளும் குழாயும் கம்பியுமாகத்தானே போய் நிற்கும் என்று கேட்கலாம். இங்கேதான் அவர்களுடைய இரண்டாவது பழக்கம் வருகிறது: ஏற்கெனவே யாரோ தீர்த்துவைத்த ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்வது.

1957-இல் கோமோ நகரத்தில் ஒரு கண்காட்சியில் வைத்த மெட்ஸாத்ரோ ஸ்டூலைப் பாருங்கள். உட்காரும் இடம், டிராக்டர் சீட். டிராக்டர் சீட் மாதிரி அல்ல, டிராக்டர் சீட்டே. தகரத்தை அழுத்தி வளைத்தது, நடுவில் காற்றோட்டத்துக்கு ஓட்டைகள். அதைத் தாங்குவது வளைந்த ஒரு எஃகுப் பட்டை, டிராக்டரிலும் இப்படித்தான் இருக்கும், உட்காரும்போது கொஞ்சம் கொடுத்து வாங்கும். தரையில் பக்கவாட்டில் சாயாமல் இருக்க ஒரு மரக்கட்டை. சீட்டையும் பட்டையையும் இணைப்பது, சைக்கிள் சக்கரத்தில் வருமே, விரலாலேயே திருகக்கூடிய காது வைத்த நட்டு, அதுதான். எண்ணிப் பார்த்தால் நாலே சாமான். உலோகத்தில் மெத்தை இல்லாமல் எப்படி உட்காருவது என்பீர்கள். நாள் முழுக்க வயலில் குலுங்கிக் குலுங்கி உழுகிற மனிதனின் உடம்புக்கு ஏற்றபடி பல வருஷங்களாகத் திருத்தித் திருத்தி வந்த வடிவம் அது. யாரோ பெயர் தெரியாத ஆட்கள் செய்து வைத்த அந்த வேலையைப் புதிதாக வரைந்து கெடுப்பானேன்? பார்த்தவர்களில் நிறையப் பேர் இதைக் கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். 1970 வாக்கில்தான் ஸனோட்டா என்ற நிறுவனம் இதைத் தயாரித்து விற்கத் தொடங்கியது.

அதே 1957-இல் இன்னொன்று, செல்லா. சைக்கிள் சீட், ஒரு கம்பி, கீழே அரைக்கோளமாக வார்த்த இரும்பு. அடிப்பாகம் உருண்டை என்பதால் இது தானாக ஆளைத் தாங்காது, உங்கள் கால்களும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். எதற்காக இப்படி? தொலைபேசி சுவரில் மாட்டியிருந்த காலம். போன் பேசும்போது நடக்கவும் வேண்டும், உட்காரவும் வேண்டும், ஆனால் முழுசாக உட்காரவும் கூடாது. அந்த அரைகுறை நிலைக்கு ஒரு இருக்கை. இதில் சொகுசாக உட்கார்ந்து டீ குடிக்க முடியாதே என்று குறை சொல்பவர்கள் கேள்வியையே மாற்றிவிடுகிறார்கள். அதே சமயம், கைபேசி வந்த பிறகு இந்தப் பொருளின் முதன்மைக் கூறே காணாமல் போய்விட்டது, இப்போது வாங்குகிறவர்கள் ஷோபீஸாகத்தான் வாங்குகிறார்கள் என்பதும் உண்மைதான்.

கலை வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் மார்செல் துஷாம்ப் நினைவுக்கு வருவார், ஸ்டூல் மேல் சைக்கிள் சக்கரத்தைக் கவிழ்த்து மாட்டியவர். "ரெடிமேட்" என்ற பெயர் அங்கிருந்துதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. துஷாம்ப் பொருளை உபயோகத்திலிருந்து வெளியே எடுத்தார், அந்தச் சக்கரம் எங்கேயும் போகாது. காஸ்தில்யோனி சகோதரர்கள் ஒரு உபயோகத்திலிருந்து எடுத்து இன்னொரு உபயோகத்தில் போட்டார்கள்.

இனி எல்லோருக்கும் தெரிந்த விளக்கு. பெயர் தெரியாவிட்டாலும் படத்தில் பார்த்திருப்பீர்கள்: ஆர்கோ, 1962, ஃப்ளோஸ் நிறுவனம். ஒரு மார்பிள் கட்டை, அதிலிருந்து எழும்பி வளைந்து அறையின் நடுவுக்கு வரும் எஃகு வில், அதன் முனையில் அலுமினியக் கிண்ணம். ஹோட்டல் லாபிகளிலும் விளம்பரங்களிலும் இதைப் பார்த்துப் பார்த்து, பணக்காரத்தனத்தின் அடையாளம் என்றே முடிவு கட்டியிருப்போம். பிறந்த கதை அப்படியல்ல.

சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே வெளிச்சம் வேண்டும். வழக்கமான வழி கூரையிலிருந்து தொங்கவிடுவது. அப்படிச் செய்தால் கூரையில் துளை போட வேண்டும், மேசையை நகர்த்தினால் விளக்கு நகராது. தெருவிளக்கைப் பாருங்கள், கம்பம் ஓரத்தில் நிற்கிறது, வெளிச்சம் சாலை நடுவில் விழுகிறது. இதை வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா? இதுதான் கேள்வி. இப்போது மற்ற முடிவுகள் எப்படித் தானாக விழுகின்றன என்று கவனியுங்கள். விளக்குத் தலை அடிக்கட்டையிலிருந்து சுமார் இரண்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஏனென்றால் மேசையில் உட்கார்ந்திருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால், கையில் தட்டோடு ஒருவர் நடந்துபோக இடம் வேண்டும். வில் மூன்று துண்டுகளாக, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளவும் குறுகவும் வேண்டும், வயர் அதன் குழிவுக்குள்ளேயே ஓட வேண்டும். தலைப்பகுதியில் மேலே ஓட்டைகள், பல்புச் சூடு வெளியேறுவதற்கு. இவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டு இருக்கிற ஒன்று குப்புற விழாமல் இருக்க அடியில் கனம் வேண்டும். கான்கிரீட் வைக்கலாம், ஆனால் குறைந்த இடத்தில் நல்ல கனம், நியாயமான செலவு, பார்க்கவும் மோசமில்லை என்றால் கராராவில் வெட்டி எடுக்கிற வெள்ளை மார்பிள் இருக்கிறதே! சுமார் 65 கிலோ. இத்தாலியில் மார்பிள் என்றால் அரண்மனைச் சமாச்சாரம் என்று நாம் நினைப்போம், அவர்களுக்கு அது பக்கத்து மலையில் கிடைக்கிற கல்.

அந்தக் கட்டையில் ஒரு வட்ட ஓட்டை இருக்கும். அலங்காரத்துக்கென்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். 65 கிலோவை வழுவழுப்பான கல்லில் கைபோட்டு எப்படித் தூக்குவது? ஓட்டைக்குள் ஒரு துடைப்பக் கம்பை நுழைத்து, ஆளுக்கு ஒரு முனையாக இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியதுதான். மூலைகளைச் சீவிவிட்டதும் அழகுக்கு அல்ல, காலில் இடித்தால் காயம் படக்கூடாது என்பதற்காக. இந்த விளக்கில் அலங்காரமென்று எதுவுமே இல்லை என்று அக்கில்லேயே பேட்டியில் விளக்கியிருக்கிறார்.

அதே ஆண்டில் வந்த தோயோ விளக்கு இதற்கு அண்ணன் தம்பி மாதிரி. கார் ஹெட்லைட் ஒன்றை அப்படியே கம்பி முனையில் வைத்து, மின்மாற்றியை மறைக்காமல் கீழே வைத்து அதையே கனமாக்கி, வயர் தொங்காமல் இருக்க மீன்பிடித் தூண்டிலில் வரும் சின்ன வளையங்களைக் கம்பியில் பொருத்திவிட்டார்கள். பெட்டிக்குள் ஒளித்து வைப்போம் என்று யாரும் யோசிக்கிற பாகம் இங்கே அடித்தளமாக உட்கார்ந்திருக்கிறது.

ஆர்கோவின் பின்கதையையும் சொல்லிவிடுகிறேன். நகல்கள் உலகம் முழுக்கப் பெருகின. சீனாவில் செய்த ஒரு நகல் இத்தாலிக்கு இறக்குமதியானதையொட்டி ஃப்ளோஸ் தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. ஒரு விளக்குக்கு, எழுத்தாளரின் நூலுக்கு இருப்பது போன்ற பதிப்புரிமை இருக்க முடியுமா என்பது அதன் மையம். 2011 ஜனவரியில், தகுதி இருந்தால் முடியும் என்கிற பக்கம் தீர்ப்பு வந்தது. எனக்கு இதில் இரண்டு மனம்தான். உழைப்புக்குப் பாதுகாப்பு வேண்டும், சரி. ஆனால் அனாமதேயமான டிராக்டர் சீட்டையும் கார் ஹெட்லைட்டையும் எடுத்துப் பொருள் செய்தவர்களின் விளக்கு, கடைசியில் சராசரிக் குடும்பம் விலை கேட்டதும் நகர்ந்துவிடுகிற ஒன்றாகப் போனது சங்கடமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சங்கடத்துக்கு ஈடுகட்டுவது அவருடைய சின்னப் பொருள்கள். 1962-இல் கிராஃப்ட் நிறுவனத்தின் மயோனைஸ் பாட்டிலுக்காக ஒரு பிளாஸ்டிக் கரண்டி செய்தார்கள். பாட்டிலின் அடியிலும் ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிற மிச்சத்தை வழித்தெடுக்கிற வளைவு அதன் விளிம்பிலேயே இருக்கிறது. எண்ணெய், வினிகர் ஊற்றுகிற ஜோடி ஒன்று, அலெஸ்ஸி நிறுவனத்துக்கு: மூடியில் ஒரு எதிர்க்கனம் இருப்பதால், பாட்டிலைச் சாய்த்தால் மூடி தானே திறக்கும், நிமிர்த்தினால் மூடிக்கொள்ளும். எண்ணெய் பாட்டில் பெரிது, வினிகர் சிறிது, ஏனென்றால் வினிகர் குறைவாகத்தானே செலவாகிறது! இரண்டும் ஒரே அளவில் இருந்தால்தான் ஜோடி என்று நம்மில் எத்தனை பேர் யோசிக்காமலே ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் 1968-இல் வி.எல்.எம். என்ற நிறுவனத்துக்குச் செய்த சுவிட்ச், மேசை விளக்கு வயரின் நடுவில் மாட்டுகிற சின்னச் சுவிட்ச். இருட்டில் வயரைத் தடவிக்கொண்டே போகும் விரலுக்குச் சட்டென்று தட்டுப்பட வேண்டும், கையில் உறுத்தக் கூடாது, அழுத்தினால் "டிக்" என்று திருப்தியாக ஒரு சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். தன் பொருள்களிலேயே அதிகப் பெருமை இதில்தான் என்பார், எலக்ட்ரிக்கல் கடையில் ஆட்கள் இதை வாங்கிப் போகிறார்கள், யார் வடிவமைத்தது என்று யாருக்கும் தெரியாது என்பதால்.

அண்ணன் இறந்த பிறகு தனியாகச் செய்தவற்றில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், பரேந்தேசி விளக்கு, 1971. யோசனை முழுக்க அவருடையது அல்ல. ஃபியட் 127 காரை வடிவமைத்த பியோ மான்சு, 1969-இல் சாலை விபத்தில் இளம் வயதில் இறந்துபோனார், அவர் விட்டுப்போன ஒரு வரைபடத்திலிருந்து தொடங்கியது. மான்சுவின் திட்டத்தில் நிமிர்ந்த தண்டில் ஒரு விளக்கு மேலும் கீழும் போகும், திருகாணியால் நிறுத்த வேண்டும். காஸ்தில்யோனி தண்டை எடுத்துவிட்டு, கூரையிலிருந்து ஒரு எஃகுக் கம்பிவடத்தைத் தொங்கவிட்டு அடியில் கனம் கட்டினார். விளக்கைத் தாங்கும் குழாயை அடைப்புக்குறி மாதிரி வளைத்து, அதற்குள் வடத்தை ஓடவிட்டார். வளைந்த பாதையில் இழுத்துக் கட்டிய வடம் உரசும், அந்த உராய்வே விளக்கைப் பிடித்துக்கொள்ளும். கையால் தூக்கினால் ஏறும், விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும். திருகாணி போயே போய்விட்டது. இதற்கும் 1979-இல் கொம்பாசோ தோரோ.

1970-களில் தூரினிலும் அதன்பின் மிலானிலும் பேராசிரியராக இருந்தார். வகுப்புக்கு ஒரு பை நிறையச் சாமான் கொண்டுவந்து, பொம்மை, கத்தரிக்கோல், மூக்குக் கண்ணாடி, விதவிதமான கருவிகள் என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று பேசுவது அவர் பாணி. ஆர்வம் இல்லையென்றால் இந்த வேலையை விட்டுவிடுங்கள் என்று மாணவர்களிடம் நேராகச் சொல்வார். மிலானில் பியாட்சா காஸ்தெல்லோவில் 1960-களிலிருந்து அவர் வேலை பார்த்த ஸ்டுடியோ பின்னாளில் அருங்காட்சியகமானது, அந்த மாதிரிப் பெயர் தெரியாத பொருள்கள் அங்கே குவிந்து கிடந்தன. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1997-இல் அவருக்கென்று தனிக் கண்காட்சியே நடத்தியது.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த முறை எங்கே தடுமாறும் என்பதையும் சொல்ல வேண்டும். கம்பி, கனம், உராய்வு என்று கண்ணால் பார்க்கிற விசைகள் இருக்கும்வரை முதன்மைக் கூறு வடிவத்தைத் தானே முடிவு செய்துவிடும். எலக்ட்ரானிக்ஸில் அப்படி இல்லை, உள்ளே இருப்பது எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்கும். 1965-இல் சகோதரர்கள் பிரியோன்வேகா நிறுவனத்துக்கு ஆர்.ஆர். 126 என்ற ஸ்டீரியோ செய்தபோது இதைச் சந்தித்தார்கள். ஒலிபெருக்கிகளைத் தனிப் பெட்டிகளாக்கி, வேண்டுமென்றால் பக்கத்தில் மாட்டு, இல்லையென்றால் மேலே அடுக்கு என்று விட்டார்கள், அடியில் சக்கரம் வைத்தார்கள். இவற்றுக்குக் காரணம் சொல்லலாம். ஆனால் முகப்பில் குமிழ்களும் கட்டங்களும் சேர்ந்து இரண்டு கண்ணும் வாயுமாக ஒரு முகம் சிரிக்கிறதே, அதற்குக் காரணம் சொல்ல முடியாது, அது வெறும் குறும்பு. பாடகர் டேவிட் போவியிடம் இதில் ஒன்று இருந்தது. அவர் இறந்த பிறகு 2016 நவம்பரில் லண்டன் ஏலத்தில், ஆயிரம் பவுண்டு சுற்றி எதிர்பார்த்தது 2,57,000 பவுண்டுக்குப் போனது.